பணிப்பெண்ணுக்கு 41 வசனம்: ஒரு நாடகத்தை மேடையேற்றி முடித்தபின்

இல்லப் பணிப்பெண் ஒருவரை நடுவில் வைத்து 75 நிமிடத் தமிழ் நாடகம் ஒன்றை எழுதி, நானே இயக்கி, சிங்கப்பூரில் 90 பேர் உட்காரக்கூடிய சிறிய அரங்கில் நான்கு முறை மேடையேற்றினேன். பதினொரு மாத உழைப்பு. செலவு 14,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வசூல் 6,888 வெள்ளி, கைவிட்டுப் போனது 7,712 வெள்ளி. பணம் போனது வலித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதைவிட வலித்தது வேறொன்று. வர்க்கத்தையும் பெண்ணடிமையையும் கேள்வி கேட்க எழுதிய நாடகத்துக்குள், அதே மேல்கீழ் என் கண்முன்னாலேயே வந்து குடியேறிவிட்டது. எழுத்தில் வந்தது, ஒப்பனையில் வந்தது, ஒத்திகை அறையில் வந்தது, நுழைவுச்சீட்டு விலையில்கூட வந்தது. எல்லாவற்றையும் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். இதே மாதிரி ஒரு நாடகத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒத்திகை தொடங்குமுன் பார்த்துக்கொள்ளட்டும் என்று, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வாசிப்பில் பணிப்பெண்ணாக நடிக்க வந்தவர் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது அவங்க கதைதானே?" என்று கேட்டார். அன்றிரவு உட்கார்ந்து வசனங்களை எண்ணினேன். மொத்தம் 612. முதலாளியம்மாவுக்கு 190, கணவருக்கு 148, பாட்டிக்கு 121, மகனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து 112, பணிப்பெண்ணுக்கு 41. அந்த 41இலும் 27 வசனம் "சரிங்கம்மா", "இதோ வர்றேன்", "இல்லீங்க சார்" வகை. தமிழ் மேடையில் இது பழைய பழக்கம். அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ பணக்காரக் கொடுமையையும் போலிப் பக்தியையும் நேருக்குநேர் சாடிய நாடகம், 1949இல் படமாகவும் வந்தது. ஆனாலும் பெயர்தான் வேலைக்காரியுடையது, கதையை நகர்த்துவது பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தன். எழுபது வருடம் கழித்து நானும் அதே தடத்தில் நடந்திருக்கிறேன்.

வசன எண்ணிக்கையோடு நிறுத்தக்கூடாது என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். கொஞ்சமாகப் பேசுகிறவர் மேடையையே ஆளலாம், நிறையப் பேசுகிறவர் வெறும் எதிரொலியாகவும் இருக்கலாம். அதனால் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: மொத்த வசனம், கேட்கும் கேள்விகள், தானாகத் தொடங்கும் பேச்சு, மேடையில் இருக்கும் நிமிடங்கள். என் முதல் பிரதியில் பணிப்பெண் கேட்ட கேள்வி மூன்றுதான். மூன்றும் "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" மாதிரியானவை. தானாகத் தொடங்கிய பேச்சு ஒன்றுகூட இல்லை. மேடையில் இருந்தது 19 நிமிடம், அதிலும் பெரும்பகுதி முதுகு காட்டியபடி. திருத்தி எழுதியபோது அவருக்கு 133 வசனம் வந்தது. அதைவிட முக்கியமாக, ஏழு இடங்களில் பேச்சை அவரே தொடங்கினார். ஊருக்குத் தொலைபேசியில் பேசும் காட்சியில் அவர் கட்டளையிடுகிறார், கோபப்படுகிறார், தன் மகனின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிக் கணக்குக் கேட்கிறார். அந்த வீட்டுக்குள் மௌனமாக நடமாடுகிறவர் தன் குடும்பத்தில் முடிவெடுப்பவர் என்பது அந்த ஒரு காட்சியால்தான் தெரிந்தது. அதை எழுத ஒரு நாள்கூட ஆகவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றத்தான் ஐந்து மாதம் ஆனது.

அடுத்தது நீ, நீங்க. தமிழில் நாடகம் எழுதுகிறவருக்கு இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது, நானோ அதைக் கவனிக்காமலே கையாண்டிருந்தேன். நடிகர்கள் ஆளுக்கொரு மாதிரி பேசினார்கள். ஒரு காட்சியில் பாட்டி "வா" என்றார், அடுத்ததில் "வாங்க" என்றார். கடைசியில் ஒரு கட்டம் போட்டேன். இடப்பக்கம் பேசுகிறவர், மேலே கேட்கிறவர், ஒவ்வொரு கட்டத்திலும் நீ, நீங்க, பெயர், உறவுச்சொல் இவற்றில் எது என்று நிரப்பினேன். நிரப்பி முடித்தபோது நாடகமே அந்தத் தாளில் இருந்தது. 44 வயதுப் பணிப்பெண்ணை 12 வயது மகன் பெயர் சொல்லி "நீ" என்கிறான். அதே மகன் அவரைவிட இளையவரான பக்கத்து வீட்டுக்காரரை "அங்கிள், வாங்க" என்கிறான். கணவர் மனைவியை "நீ" என்கிறார், மனைவி அவரை "என்னங்க" என்கிறார். அதாவது மனைவி வாங்கிக்கொள்ளும் "நீ"தான் அப்படியே கீழே இறங்கிப் பணிப்பெண்ணிடம் போகிறது. இந்தக் கட்டத்தை நிரப்பியபின் நீளமான ஒரு வாக்குவாதக் காட்சியைத் தூக்கிப்போட்டேன். அதற்குப் பதிலாக, பாட்டிக்கு உடம்பு முடியாமல்போன இரவில் முதலாளியம்மா பதற்றத்தில் பணிப்பெண்ணை "நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் பழையபடி "நீ" என்கிறார். நான்கு முறையும் அந்தக் காலைக் காட்சியில் அரங்கம் அமைதியாகிவிட்டது. ஒத்திகையின் முதல் நாளிலேயே இந்தக் கட்டத்தை நடிகர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். பழகிய பிறகு மாற்றச் சொன்னால் நாக்கு திரும்பாது.

வட்டார வழக்கில் நான் செய்த தவறு எளிதில் தவிர்த்திருக்கக்கூடியது. பணிப்பெண்ணை இலங்கை மலையகத்தவர் என்று எழுதிவிட்டு, வசனத்தை யாழ்ப்பாணத் தமிழில் எழுதியிருந்தேன். "கதைக்கிறன்", "ஓமோம்" என்று. மலையகத் தமிழர்களின் முன்னோர் பிரிட்டிஷார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்கள் பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சுக்குத்தான் நெருக்கம். இது வெறும் உச்சரிப்புப் பிழை இல்லை. தோட்டத் தொழிலாளர் குடும்பம், வடக்கின் நிலமுள்ள குடும்பம் என்ற வித்தியாசத்தையே அழித்துவிடும் பிழை. வர்க்கத்தைப் பற்றிப் பேச வந்த நாடகத்தில் வர்க்கத்தையே தவறாக எழுதியிருக்கிறேன். நாடகம் பார்க்க வந்த ஒருவர் முதல் நாளே வாசலில் நின்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். எந்த ஊர்க்காரரை எழுதுகிறீர்களோ அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பிரதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள், அவருடைய நேரத்துக்கு உரிய மரியாதையோடு.

மரியாதை என்றதும் தகவல் சேகரிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) மூன்று பணிப்பெண்களிடம் பேசினேன். 2013 முதல் வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு என்று விதி இருந்தாலும், முதலாளியும் பணிப்பெண்ணும் ஒத்துக்கொண்டால் அதைப் பணமாக ஈடுசெய்ய முடியும். 2023 ஜனவரி முதல்தான் மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயம், அதைப் பணமாக மாற்ற முடியாது. ஆக, என்னிடம் பேசியவர்களில் ஒருவர் மாதத்தின் ஒரே விடுமுறையில் மூன்று மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருந்தார். இது எனக்குப் பிறகே உறைத்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். ஒலிப்பதிவு வேண்டாம். முதலாளி வீட்டருகே சந்திக்காதீர்கள். அவர்கள் சொன்னதைப் பயன்படுத்தினால் ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீடு இருக்கும் பேட்டை மூன்றையும் மாற்றுங்கள். அவர்களில் ஒருவரையே நடிக்க வைக்கலாம் என்ற யோசனையும் எனக்கு வந்தது. அவர்களுடைய வேலை அனுமதி அதில் குறிப்பிட்ட முதலாளிக்கும் வேலைக்கும் மட்டுமே உரியது. ஆர்வத்தில் நாம் கூப்பிடப்போய் அவர்கள் வேலைக்கே ஆபத்து வரக்கூடாது.

விதிகளைச் சரிபார்க்காமல் வசனம் எழுதினால் அரங்கில் பிடித்துவிடுவார்கள். முதலாளியம்மா "மாசா மாசம் முந்நூறு வெள்ளி லெவி கட்டுறேன்" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். லெவி என்பது பணிப்பெண்ணை வைத்திருப்பவர் அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை. வீட்டில் 67 வயதோ அதற்கு மேலோ ஆன, குடியுரிமை உள்ள முதியவர் இருந்தால் சலுகைத் தீர்வை 60 வெள்ளிதான். என் நாடகத்துப் பாட்டிக்கோ 78 வயது. திருத்தும்போது ஒரு நல்ல காட்சியும் கிடைத்தது: தீர்வை, முகவர் கட்டணம், சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் கூட்டி "உனக்கு இவ்வளவு செலவழிக்கிறேன்" என்று அம்மா சொல்ல, தன் கைக்கு வருவது எவ்வளவு என்று பணிப்பெண் தனியே கணக்குப் பார்க்கிறார். சன்னல் துடைக்கும் காட்சி வைப்பவர்களும் கவனியுங்கள். 2012 முதல், கம்பிக் கதவு பூட்டியிருந்து, முதலாளியோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருந்து பார்த்துக்கொண்டால்தான் வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்லலாம். அந்த விதி மீறப்படுவதைக் காட்டவேண்டுமானால் மீறல் என்று பார்வையாளருக்குப் புரியும்படி காட்டவேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. இதை எந்த வசனமும் இல்லாமல், கிளினிக் அட்டையை நாட்காட்டியில் குத்திவைப்பதாக மட்டும் காட்டினேன். புரிந்தவர்களுக்குப் புரிந்தது.

இப்போது எனக்கு மிகப் பெரிய பாடமாக இருந்த இடம். பாதி ஒத்திகையில் பத்து நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பத்துப் பேரும் "அந்தம்மா ரொம்ப மோசம்" என்றார்கள். கணவரைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அவர் சத்தம் போடுவதில்லை, ஒரு இடத்தில் பணிப்பெண்ணுக்காகப் பரிந்தும் பேசுகிறார். ஆணாகிய நான் எழுதிய நல்ல மனிதர். அப்போது மேடைப் பொருள் பட்டியலை எடுத்து இரண்டு பத்தி சேர்த்தேன்: யார் வைத்தார், யார் எடுத்தார். முதல் நான்கு காட்சிகளில் 34 பொருள் கீழே வைக்கப்படுகிறது. கணவர் 14, மகன் 9, பாட்டி 6, முதலாளியம்மா 5. எடுத்தவர் கணக்கு: பணிப்பெண் 26, முதலாளியம்மா 8. கணவரும் மகனும் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. நான் திட்டமிட்டு எழுதியதில்லை, கை தானாக எழுதியிருக்கிறது. அந்த அம்மா ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து வருகிறார். பார்த்துக்கொள்ளவேண்டிய பாட்டி அவருடைய மாமியார், அதாவது கணவரின் தாய். பாட்டியின் மகன் செய்யவேண்டியது மருமகள் தலையில் விழுந்து, அவரால் முடியாமல் இன்னொரு ஏழைப் பெண்ணின் தலைக்கு மாறுகிறது. அந்தப் பெண் தன் பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்று பெண்கள், ஒரே வேலை. நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆணுக்குக் கெட்ட பெயர் வரவே இல்லை, ஏனென்றால் வேலை வாங்கும் வேலையும் மனைவியுடையதாகிவிட்டது. பணிப்பெண் வேலை அனுமதியே பெண்களுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

வசனத்தில் இதைச் சொல்லியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும். அசைவில் செய்தோம். கணவர் ஒவ்வொரு முறையும் மேடையின் முன்விளிம்பில், பார்வையாளர் கைக்கெட்டும் தூரத்தில் டம்ளரை வைக்கிறார். அவர் போனபிறகு மூன்று நொடி விளக்கு அந்த டம்ளர் மேலேயே இருக்கிறது. யாராவது வந்து எடுத்தால்தான் அடுத்த வசனம். எட்டாவது டம்ளருக்குப் பிறகு முன்வரிசையில் முனகல் கேட்டது. டம்ளரை எவர்சில்வரில் வையுங்கள், மரப்பலகையில் வைக்கும் ஓசை கடைசி வரிசைவரை போகும். கண்ணாடி உடையும், காகிதக் குவளைக்கு ஓசை இல்லை. இன்னொரு கேள்வியும் ஒத்திகையில் உதவியது: பணிப்பெண்ணின் சம்பளம் யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து போகிறது? எங்கள் நாடகத்தில் மனைவியுடையதிலிருந்து. அதை நடிகர்கள் இருவரும் தெரிந்துகொண்ட அன்று அவர்கள் உட்காரும் விதமே மாறியது.

ஒப்பனையில் நடந்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பணிப்பெண்ணாக நடித்தவரை இரண்டு படி கறுப்பாக்கலாம் என்று ஒப்பனையாளர் சொல்ல, நான் தலையாட்டினேன். நடிகை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா இந்த நிறம்தாண்ணா. அவங்க டீச்சர்" என்றார். உடனே துடைத்துவிட்டோம். வறுமையை நிறத்தால் காட்ட நினைப்பது சோம்பேறித்தனம், அதற்குக் கீழே சாதியின் வாடையும் இருக்கிறது. உழைப்பைக் காட்ட வேறு வழிகள் உண்டு: பாத்திரம் கழுவிய ஈரக்கையை இடுப்பில் துடைப்பது, ஒருவர் அறைக்குள் நுழைந்தவுடன் எழுந்து நிற்பது, வீட்டில் வேறொருவருக்காக வாங்கி அளவு பொருந்தாமல்போன சட்டையைப் போட்டிருப்பது. அவர் தூங்கும் இடத்தை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டின் வெடிகுண்டுப் புகலறையாக வைத்தோம். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே தரையில் ஒட்டுநாடா ஒட்டி அதன் அளவைக் குறித்துவிடுங்கள். நாங்கள் அரங்குக்குப் போனபிறகு குறித்ததால் இரண்டு காட்சியின் அசைவை ஒரே இரவில் மாற்ற வேண்டிவந்தது.

ஒத்திகை அறையில் தேநீர் போட்டது யார், சாப்பாடு வாங்கி வந்தது யார், உடைகளைத் துவைத்தது யார் என்று ஆறாவது வாரத்தில்தான் பார்த்தேன். மூன்று பெண்கள், மூன்றும் அவர்களே. ஆண் நடிகர்கள் வசனம் மறந்தால் "பரவாயில்லை", பெண்கள் குழந்தையால் தாமதமானால் "பொறுப்பில்லை". சுவரில் ஒரு முறைப்பட்டியல் ஒட்டினேன், இயக்குநர் பெயரோடு சேர்த்து. ஒத்திகை நேரத்தையும் இரவு 8 முதல் 10.30 என்றிருந்ததை 7 முதல் 9.30 ஆக்கினோம். சன்மானம் நடிகர் ஆறு பேருக்கும் தலா 600 வெள்ளி, வசனம் எத்தனை இருந்தாலும் ஒரே தொகை. அதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்ததுதான் நான் சரியாகச் செய்த ஒரு காரியம்.

உரிமத்துக்கு வருவோம். இங்கே நாடகத்துக்குத் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலைநிகழ்ச்சி உரிமம் வேண்டும், பிரதியை அனுப்பவேண்டும். அது பார்க்கப்பட்டு பொது, அறிவுறுத்தல், 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான அறிவுறுத்தல், 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று ஒரு வகை கொடுக்கப்படும். பெண், மணவாழ்க்கை, மதம் மூன்றும் சந்திக்கும் இடத்தில் தமிழ் நாடகம் இங்கே சிக்கலைச் சந்தித்திருக்கிறது. நாடகாசிரியர் இளங்கோவன் எழுதி அக்னிக்கூத்து நாடகக் குழு 1998இல் தமிழில் மேடையேற்றிய ‘தலாக்’ நாடகத்தின் ஆங்கில, மலாய் வடிவங்களுக்கு 2000இல் உரிமம் மறுக்கப்பட்டது. பார்வையாளரே மேடையேறிக் கதையை மாற்றும் மன்ற நாடக வடிவத்துக்கு 1994இல் நின்றுபோன அரசு நிதி ஆதரவு 2003இல்தான் திரும்பியது. பயந்து எழுதச் சொல்லவில்லை. பிரதியை முடிவுசெய்துவிட்டு, குறைந்தது மூன்று மாத அவகாசத்தோடு அனுப்புங்கள் என்கிறேன். நான் அனுப்பியபின் கடைசிக் காட்சியை மாற்றினேன், மறுபடி அனுப்ப வேண்டிவந்தது. அதற்குள் அச்சடித்த சுவரொட்டிகளில் வயதுவகை இல்லை, திரும்ப அச்சடிக்க 180 வெள்ளி. திரைப்படப் பாட்டையோ இசையையோ பின்னணியில் போட்டால் இசைப் பதிப்புரிமையைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பின் அனுமதியும் தனியே வேண்டும். மானியத்துக்கு நான் விண்ணப்பித்தபோது அந்தச் சுற்று முடிந்துவிட்டிருந்தது. அரங்கைப் பதிவுசெய்வதற்கு முன்பே மானியத் தேதிகளைப் பாருங்கள்.

ஆங்கில வசனவரிகள் போடுவதாக இருந்தால் நீ, நீங்க வித்தியாசம் அங்கே செத்துப்போகும், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நாங்கள் பணிப்பெண்ணின் ஒவ்வொரு வரியிலும் "மேடம்", "சார்" சேர்த்தோம். மகன் அவரைக் கூப்பிடும் இடமெல்லாம் வெறும் பெயர் போட்டோம். "நீங்க" என்ற அந்த ஒரு இரவில் மட்டும் முதலாளியம்மாவின் வரியில் "அக்கா" வந்தது. மொத்தம் 780 ஸ்லைடு. இரண்டு வரிக்கு மேல் எதிலும் இல்லை. வசனவரியை ஓட்டுகிறவர் கடைசி இரண்டு வார ஒத்திகைக்காவது வரவேண்டும்.

முதல் காட்சியன்று பாட்டி பணிப்பெண்ணைத் திட்டும் இடத்தில் அரங்கம் சிரித்தது. நான் பின்னால் நின்று உடைந்துபோனேன். தொலைக்காட்சித் தொடர்களில் வேலைக்காரியைத் திட்டுவது நகைச்சுவைதானே, பாட்டியாக நடித்தவரும் அந்தத் தாளத்தில்தான் பேசினார். மறுநாள் மூன்று மாற்றம் செய்தோம். பாட்டி குரலைத் தாழ்த்தினார், கடைசிச் சொல்லுக்குப் பிறகு பணிப்பெண் நான்கு நொடி அசையாமல் நின்றார், மற்ற நடிகர்கள் முகத்தில் எதையும் காட்டாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. அழவைக்க இசை சேர்க்கலாம் என்ற யோசனை வந்தது, நல்லவேளை கேட்கவில்லை. பார்வையாளர் அழுதுவிட்டால் கடன் தீர்ந்ததாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

செலவுக் கணக்கையும் முழுதாகவே தருகிறேன். அரங்கு ஐந்து நாள் 3,200, ஒளி ஒலி 2,400, மேடையமைப்பு 1,900, சன்மானம் 3,600, ஒத்திகை இடம் 900, வசனவரி 800, உரிமம், அச்சு, காப்புறுதி 700, சாப்பாடு 600, நுழைவுச்சீட்டு விற்பனைக் கட்டணம் 500. வருமானம், 28 வெள்ளி வீதம் 246 சீட்டு. மேடையமைப்பில் 1,900 தேவையே இல்லை. ஒட்டுநாடா, ஒரு இரும்புக் கதவுச் சட்டம், ஒரு மேசை போதும், 600க்குள் முடித்திருக்கலாம். நடிகர் சன்மானத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

என்னிடம் பேசிய மூன்று பேரும் நாடகம் பார்க்க வரவில்லை. வெள்ளி, சனி இரவு 8 மணி, சனி மதியம், ஞாயிறு இரவு 7.30 என்று போட்டிருந்தேன். ஞாயிறு இரவு அவர்கள் வீடு திரும்பியாகவேண்டும், மற்ற நாட்களில் வெளியே வரவே முடியாது. அவர்கள் வரக்கூடிய ஒரே நேரம் ஞாயிறு மதியம் 2.30 வாக்கில், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில். 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர்களுக்குக் கலைநிகழ்ச்சிகளில் செலவிட அரசு கொடுத்த 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் 2028 இறுதிவரை செல்லும், உங்கள் நாடகம் அதில் இடம்பெறுமா என்று சீட்டு விற்பவரிடம் முதலிலேயே கேளுங்கள். அது குடிமக்களுக்கு மட்டும் என்பதால், அந்த வழியில் வரும் வசூலைக் கொண்டு ஞாயிறு மதியக் காட்சியில் பணிப்பெண்களுக்கு இலவச இருக்கை ஒதுக்கலாம். பின்வரிசையில் வேண்டாம், டம்ளர் வைக்கும் விளிம்புக்கு எதிரே, முன்வரிசையில் பன்னிரண்டு இருக்கை. அடுத்த முறைக்கான அரங்கை அந்த நேரத்துக்குத்தான் கேட்டிருக்கிறேன்.